உன் முதல் மதிப்பெண்

அன்பு மகளுக்கு,

செவ்வாய்க்கிழமை இரவு நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "நேரமாகிவிட்டது, போய்ப் படு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாயால் சொல்லப் போனால் பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். நீயும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். தனியாக இருக்கும் நேரம் பார்த்து நிதானமாகப் படி.

"அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொள்ள உனக்கு எவ்வளவோ இருக்கிறது. தம்பிகூடச் சொந்தமாகத் தொழில் தொடங்கி நிமிர்ந்துவிட்டான். என்னைப் பற்றி யாராவது கேட்டால் என்னம்மா சொல்வாய்?" என்று கேட்டாய். குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. பல நாள் யோசித்து, பதில் இன்னதுதான் என்று தானே முடிவு கட்டிவிட்டு, எதற்கும் ஒரு முறை கேட்டுவைப்போம் என்று கேட்டவளின் குரல் அது. 46 வயதில் ஒரு மகள் பெற்றவளிடம் இதைக் கேட்க வேண்டி வந்தது என்றால் பிழை பெற்றவளுடையது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் 33 ஆண்டுகள் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள். அங்கே நாங்கள் செய்த வேலைகளில் ஒன்றைப் பற்றி உனக்கு விவரமாகச் சொன்னதே இல்லை. குழந்தை பிறந்து ஒரு நிமிடம் ஆனதும் அதற்கு மதிப்பெண் போடுவோம். ஐந்தாவது நிமிடத்தில் மீண்டும் போடுவோம். அப்கார் மதிப்பெண் என்று பெயர். வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் 1952-இல் வகுத்துக் கொடுத்தது. இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் முகம் சுளிக்கிறதா அழுகிறதா என்பது, தோலின் நிறம் என்று ஐந்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 10. முதல் நிமிடத்திலேயே 10 வாங்கும் குழந்தை அரிது. வீறிட்டு அழும் குழந்தைக்கும் அந்த நேரத்தில் கையும் காலும் சற்று நீலம் பாரித்திருக்கும். அதற்காக ஒன்று குறைந்துவிடும்.

அந்த முறை வருவதற்கு முன்பு பிரசவ அறையில் பெரும்பாலும் எல்லோருடைய கண்ணும் தாயின் மேலேயே இருக்குமாம். அது வந்த பிறகு, ஒருவராவது கடிகாரத்தைப் பார்த்தபடி குழந்தையின் பக்கத்தில் நின்று அதை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும் என்றானது. எண்ணைவிட அந்தப் பார்வைதான் பெரிது என்று எனக்குத் தோன்றும். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

உனக்கு முதல் நிமிடத்தில் கிடைத்தது 4.

நீ பிறந்தபோது என்னுடைய வார்டிலேயே, எத்தனையோ பேரை நான் கிடத்திய அதே மேசையில் கிடந்தேன். உன் அழுகை கேட்கவில்லை. மற்றத் தாய்மார்கள் "ஏன் அழவில்லை, ஏன் அழவில்லை" என்று கேட்பார்கள். எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் கண்ணுக்கு எட்டாத மூலையில் என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு ஓசையும் எனக்குச் சொல்லிவிட்டது. துணியால் முதுகைத் தேய்க்கும் ஓசை. சளியை உறிஞ்சும் ஓசை. பிறகு முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஓசை. அந்த அழுத்தங்களை நான் எண்ணிக்கொண்டே கிடந்தேன். எத்தனை வரை எண்ணினேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது; அதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. பிறகு பூனைக்குட்டி போல ஒரு முனகல். பிறகு நீ அழுதாய். ஐந்தாவது நிமிடத்தில் 8.

அன்று பணியில் இருந்த மூத்த செவிலியர், எனக்குப் பயிற்சி கொடுத்தவர், கிழித்த ஒரு சீட்டில் 4, 8 என்று எழுதி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "எட்டைப் பார். நாலை மறந்துவிடு" என்றார். நான் நாலை மறக்கவில்லை. மறக்க விரும்பியதும் இல்லை. நாலிலிருந்து எட்டுக்கு நீ வந்து சேர்ந்த அந்த நான்கு நிமிடங்கள்தான் நான் உன்னிடம் கண்ட முதல் பெருமை. உன் அண்ணன் 9-இல் தொடங்கி 10-இல் முடித்தவன். அவனைப் பார்த்து மகிழ்ந்தேன். உன்னைப் பார்த்து வியந்தேன்.

அந்த எண் ஒரு குழந்தையின் அறிவையோ பின்னாள் வாழ்க்கையையோ சொல்வதற்கானது அன்று என்பது எங்களுக்குப் பாலபாடம். இந்தக் கணத்தில் இந்த உயிர் எப்படி இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். மூச்சுக்கு உதவி தேவைப்பட்டால் எண் வரும்வரை காத்திருக்கவும் மாட்டோம். கை அதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருக்கும். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக் கொடுத்த நான், வீட்டில் நீ கொண்டுவந்த மதிப்பெண்களையும் பிறகு உனக்குக் கிடைத்த பதவிகளையும் அந்த மாதிரி பார்க்கத் தவறிவிட்டேன். எண்ணைப் பார்த்தேன், பக்கத்தில் நின்று உன்னைப் பார்த்ததை உனக்குத் தெரியாமலே வைத்துக்கொண்டேன்.

ஆம், தெரியாமலே. பிள்ளைகளை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தலைக்கனம் ஏறிவிடும் என்று என்னைப் பெற்றவள் நினைத்தாள். அதையே நானும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டேன். ஆனால் உள்ளே பொங்குவது எங்கேயாவது வழிந்துதானே தீரும்? வார்டில் வழிந்தது. இரவுப் பணியில், வலி இன்னும் நெருங்காத நேரங்களில், உங்கள் மூவரைப் பற்றியும் நான் பேசாத நாள் இல்லை. உனக்கு 16 வயதிருக்கும்போது வீட்டுச் சாவியைக் கொடுக்க வார்டுக்கு வந்தாய். அங்கிருந்த ஆயா உன் கன்னத்தைத் தொட்டு, "நீதானா அந்தப் பெண்!" என்றார். வெளியே வந்ததும், "என்னைப் பற்றி என்னம்மா சொல்லி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டாய். "ஒன்றுமில்லை" என்றேன். உன் முகம் சுருங்கியது. ஏதோ குறை சொல்லி வைத்திருக்கிறேன் என்று நீ எண்ணியிருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. 30 ஆண்டுகள் கழித்து இப்போது சொல்கிறேன், அங்கே நான் சொல்லி வைத்திருந்தது இதுதான்.

பக்கத்து வீட்டில் பார்வை போன பெரியவர் ஒருவர் இருந்தார், நினைவிருக்கிறதா? உனக்கு 9 வயது. பள்ளி விட்டு வந்ததும் அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டப் போவாய். ஏதோ ஒரு வாரம் போவாய், சலித்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு ஆண்டுகள் போனாய். ஒருநாள் அவர் என்னை நிறுத்தி, "உங்கள் மகள் ஒரு வரியைக்கூடத் தாண்ட மாட்டாள்" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "கடினமான சொல் வந்தால் நிற்கிறாள். எழுத்துக் கூட்டுகிறாள். தவறாக வந்தால் முதலிலிருந்து அந்த வரியைப் படிக்கிறாள். தாண்டிப் போகிற பிள்ளை நிற்காது அம்மா, வழுக்கிக்கொண்டு போய்விடும். எனக்கு முன்பு படித்துக் காட்டிய பெரியவர்கள் எல்லோரும் வழுக்கிக்கொண்டுதான் போனார்கள்."

அவருக்குக் கண் தெரியாது. நீ அரைப் பக்கத்தை விட்டிருந்தாலும் உன்னை யாரும் பிடித்திருக்க முடியாது. விளையாட வெளியே பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படியும் நீ நின்று நின்று படித்தாய். அன்று மாலை நான் வீட்டுக்குள் வந்து உன்னைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். "கைகால் கழுவினாயா?" என்று கேட்டேன். அன்றிரவு வார்டில் கண்ணில் நீர் வழிய வழிய எல்லோரிடமும் சொன்னேன்.

இப்போது உன் வேலை விஷயத்துக்கு வருகிறேன். "வேலையை விட்டுவிட்டேன், ஒத்துவரவில்லை" என்று மட்டும் என்னிடம் சொன்னாய். முழுக் கதையும் உன் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் குறை சொல்லவில்லை, மார்தட்டிக்கொண்டு சொன்னாள். மேலே இருந்தவர்கள் செய்த தவறை உனக்குக் கீழே வேலை பார்த்த ஒரு சின்னப் பையன் மீது சுமத்தி ஒரு அறிக்கை தயாரித்து, துறைத் தலைவர் என்ற முறையில் உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நீ மறுத்தாய். ஆறு வாரம் இழுத்தடித்தார்கள். அந்தப் பையனுக்கு இன்றுவரை இது தெரியாது என்றாள். கையெழுத்துப் போட்டிருந்தால் நாற்காலி நிலைத்திருக்கும், யாருக்கும் தெரிந்தும் இருக்காது. அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் திண்ணைதான் கண்ணில் நின்றது. பாவாடையை மடித்து உட்கார்ந்துகொண்டு, வராத சொல்லின் முன்னால் நின்ற சிறுமி.

அந்த நாற்காலி உனக்குக் கிடைத்தபோது நான் மகிழ்ந்தேன், மறைக்கவில்லை. ஆனால் மகளே, அது போன செய்தி வந்த இரவில் எனக்குள் எழுந்தது அதைவிடப் பெரியது. அதை அன்றே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் செவ்வாய்க்கிழமை நீ அப்படிக் கேட்டிருக்க மாட்டாய்.

அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது என்றாய். இருக்கிறது. நீ நினைப்பது அவனுடைய பதவியை. நான் சொல்லிக்கொள்வது வேறொன்றை. அவன் மகன் 31-ஆவது வாரத்தில் பிறந்தான், 1,400 கிராம். நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாட்டியாக அந்த வார்டுக்குப் போய் நின்றேன். அங்கே கங்காரு பராமரிப்பு உண்டு. 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டில், பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் தவித்த மருத்துவர்கள் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டி வைக்கத் தொடங்கினார்கள். குழந்தையின் உடல் சூடு நிற்கிறது, மூச்சும் துடிப்பும் சீராகின்றன என்று பிறகு உலகமே எடுத்துக்கொண்டது. தாய்க்கு முடியாதபோது தகப்பனும் செய்யலாம். உன் அண்ணிக்கு அப்போது எழுந்து உட்காரும் நிலை இல்லை. உன் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

அவனைச் சிறுவயதில் நீ பார்த்திருக்கிறாய். பத்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டான். கதை சொல்லும்போதுகூடச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டே கேட்பான். அந்தப் பையன் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம், உள்ளங்கை அளவு உயிரை நெஞ்சில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். தன் மூச்சு பெரிதாக ஏறி இறங்கினால் குழந்தை விழித்துவிடும் என்று மூச்சையே சிறிதாக விட்டுக்கொண்டிருந்தான். நான் கதவருகில் நின்று பார்த்தேன். ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கையில் ஏந்திய எனக்கு அன்று கால் தளர்ந்துவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குழந்தைக்கு இப்போது 14 வயது. அண்ணனைவிட இரண்டு விரற்கடை உயரம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டு "நன்றாகத் தூங்கினாயா பாட்டி?" என்று கேட்பான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பான். இந்த வயதில் அப்படிக் காத்திருக்கிற பிள்ளையை நான் அதிகம் கண்டதில்லை.

தம்பி விஷயமும் அப்படியே. பட்டறையில் நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறான் என்பது நல்லதுதான், அவன் பட்ட பாட்டுக்கு அது வேண்டும். ஆனால் நான் மனத்தில் பொத்தி வைத்திருப்பது அப்பாவின் கடைசி ஏழு மாதங்கள். அப்பாவால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாமல் போன நாளில், "எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் அம்மா?" என்று கேட்டான். இரண்டு மணி நேரம் என்றேன். கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்தான். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. ஏழு மாதம். நான் எழுந்தால் "நீ படு, எனக்குக் கை பழகிவிட்டது" என்பான். தலையணையை முதுகுக்கு எப்படி அணைகொடுப்பது, குதிகால் படுக்கையில் படாமல் எப்படித் தூக்கி வைப்பது எல்லாம் ஒரே தடவை காட்டினேன். அப்பா போகும் நாள்வரை அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லை. மகளே, இதன் அருமை வார்டில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். பயிற்சி பெற்றவர்கள் முறை வைத்துப் பார்க்கிற இடத்திலேயே இது எளிதில் நடக்காது. பள்ளியில் இரண்டு முறை தவறியவன் என்று சுற்றத்தார் எல்லோரும் ஒரு காலத்தில் உதட்டைப் பிதுக்கிய பிள்ளை அவன். கடைசிக் குளியலின்போது அப்பாவின் முதுகை நான் தடவிப் பார்த்தேன். தோல் குழந்தையின் தோல்போல இருந்தது. அன்று எனக்கு அழுகையோடு கூட இன்னொன்றும் வந்தது. அந்த நேரத்தில் அது வரலாமா என்று கூச்சப்பட்டு மறைத்துக்கொண்டேன். பெருமைதான் அது.

மூன்று பேரையும் ஏன் இப்படி அருகருகே வைத்துச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். அளந்து பார்ப்பதற்காக அன்று. நான் உங்களிடம் காண்பது ஒரே சரக்கு என்று உனக்குக் காட்டத்தான். யாரும் பார்க்காத நேரத்தில் அவன் அசையாமல் இருந்தான், இவன் அலாரத்துக்கு எழுந்தான், நீ வரியைத் தாண்டாமல் நின்றாய்.

உன் மகளைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை மூட முடியாது. போன மாதம் கல்லூரியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில், "பாட்டி, நான் உன் வயிற்றிலும் இருந்திருக்கிறேன், தெரியுமா?" என்றாள். பாடம் எனக்குத் தெரிந்ததுதான். பெண் குழந்தை கருவில் இருக்கும்போதே அதன் சினைப்பைகளில் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாத வாக்கில் 60, 70 லட்சம் வரை இருக்கும், பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும். இதைத் தேர்வில் எழுதி வாங்கியவள் நான். ஆனால் அதை எனக்கும் உனக்கும் அவளுக்கும் பொருத்திப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நீ என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோதே, அவளாக ஆகப்போகிற அந்த ஒரு முட்டை உனக்குள் இருந்திருக்கிறது. நான் இரவுப் பணிக்கு மாடிப்படி ஏறும்போது அவளும் கூட ஏறியிருக்கிறாள். உனக்கு மாஸ்க்கில் மூச்சுக் கொடுத்த அந்த நிமிடங்களில் அவளுக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவள் போனை வைத்த பிறகு வெகுநேரம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு நாள் வேறொன்று சொன்னாள். கருவிலிருக்கும் குழந்தையின் அணுக்கள் சில தாயின் உடலுக்குள் வந்து தங்கிவிடுகின்றனவாம். மகனைப் பெற்ற ஒரு தாயின் இரத்தத்தில், பெற்று 27 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அணுக்கள் இருந்ததை 1996-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியதாம். நாங்கள் படித்த காலத்தில் இந்தப் பாடம் இல்லை. "அப்படியானால் பாட்டி, மாமாக்கள் இரண்டு பேரும் அம்மாவும் இன்னும் உனக்குள் இருக்கலாம்" என்றாள். எனக்கு அதைச் சொல்ல ஆய்வு தேவைப்படவில்லை என்றாலும் கேட்கச் சுகமாக இருந்தது.

மனிதப் பெண்ணுக்கு மாதவிடாய் நின்ற பிறகும் ஏன் இத்தனை நீண்ட ஆயுள் என்று விஞ்ஞானிகள் கேட்டிருக்கிறார்கள்; பாலூட்டிகளில் இது மிக அரிது, சில திமிங்கில இனங்களில் உண்டு என்று அவள்தான் விளக்கினாள். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களிடம் கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியலாளரும் அவருடன் போனவர்களும் தங்கிப் பார்த்தார்களாம். தாய் அடுத்த குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, பால் மறந்த மூத்த குழந்தையின் வளர்ச்சி பாட்டி எவ்வளவு தோண்டிக்கொண்டு வருகிறாள் என்பதைப் பொறுத்து இருந்ததாம். பாட்டிகள் இருந்ததால்தான் மனித ஆயுளே நீண்டது என்பது அவர்களுடைய கருத்து. எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் அவளே சொன்னாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. சொல்லிவிட்டு, "நீ எனக்கு என்னென்ன தோண்டித் தந்தாய் என்று எழுதி வைத்திருக்கிறேன்" என்று படித்தாள். எழுத்து. சைக்கிள். காய்ச்சல் வந்தால் பயப்படாமல் தெர்மாமீட்டரைப் பார்க்கும் பழக்கம். இருட்டில் நடக்கும் தைரியம். அம்மா அலுவலகத்திலிருந்து தாமதமாக வரும் நாட்களில் ஜன்னலருகே நின்று காத்திருக்கும்போது பாட்டு.

நீ திரும்ப வேலைக்குப் போனபோது உன் வீட்டில் நான் இருந்த அந்த நான்கு ஆண்டுகள் அவை. "அம்மா, உன் ஓய்வுக் காலத்தை நான் தின்றுவிட்டேன்" என்று நீ அடிக்கடி சொல்வாய். இல்லையடி. என் வாழ்க்கையின் மிக நல்ல நான்கு ஆண்டுகள் எவை என்று கேட்டால் யோசிக்காமல் அவற்றைத்தான் சொல்வேன். பெற்ற பிள்ளைகளை வளர்க்கும்போது எனக்குப் பயம் இருந்தது, பணி இருந்தது, பகல் தூக்கத்தின் கனம் கண்ணில் இருந்தது. உங்களை நான் சரியாகப் பார்க்கவே இல்லையோ என்று தோன்றும். பேத்தியைப் பார்த்தபோது உன்னையும் சேர்த்து இரண்டாவது முறை பார்த்தேன். அவள் கோபம் வந்தால் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். நீயும் அப்படித்தான் செய்தாய் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மற்றப் பிள்ளைகளைப் பற்றி இன்னொரு கடிதம் எழுத வேண்டும். தம்பியின் சின்னது என்னை எப்போதும் தொப்பி போட்ட நர்ஸாகவே வரைகிறது. சீருடையில் அது என்னைப் பார்த்ததே இல்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதன் அக்கா இப்போது தான் தோற்ற ஆட்டத்தைப் பற்றியும் என்னிடம் சொல்கிறாள், முன்பெல்லாம் வென்றதை மட்டும் சொல்வாள். அண்ணனின் இளையவள் திக்குகிறாள் அல்லவா, பள்ளி மேடையில் ஏறி முழுவதையும் சொல்லி முடித்தாளாம். எத்தனை இடத்தில் நின்றாள் என்று அவளே எண்ணி வந்து என்னிடம் சொன்னாள், ஒன்பது. எனக்கு உடனே உன் நினைவுதான்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நேற்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் வெகுநாள் கழித்துக் கூப்பிட்டார். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தவர், "மகள் என்ன செய்கிறாள்?" என்றார். "இப்போது வேலையில் இல்லை. ஒரு பையன் மேல் பொய்யாகப் பழி போடச் சொன்னார்கள், மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டாள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "செய்தித்தாள் படித்துக் காட்டிய பெண்தானே?" என்றார். ஆமாம் என்றேன். 37 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவில் நான் சொன்னதை அவர் இன்னும் வைத்திருக்கிறார். உனக்குத்தான் நான் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

அடுத்த வேலை எப்போது, எங்கே என்று நான் கேட்கப்போவதில்லை. கையில் இருப்பது போதவில்லை என்றால் மட்டும் தயங்காமல் சொல். என் ஓய்வூதியம் எனக்கு அதிகம். இரவில் தூக்கம் வராவிட்டால் என்னைக் கூப்பிடு. இரவில் விழித்திருப்பது எனக்குப் பழகியது.

அந்தச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். 46 ஆண்டுகளாக என் பணிப்புத்தகத்துக்குள் இருந்தது. மை மங்கிவிட்டது, ஆனால் 4 தெரிகிறது, 8 தெரிகிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, மெதுவாகப் பிரி.

அம்மா